பார்ப்பது கண்ணா, மூளையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுப்புடவை எடுக்கப் போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் பில் போட விடுவார்கள். கண்ணில் பட்டதை அப்படியே நம்பக் கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி அந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்தவை. பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்டவை.

கண் ஒரு கேமரா மாதிரிதானே?

பாதி தூரம் வரைக்கும் ஆமாம். முன்னால் கார்னியா என்ற கண்ணாடி போன்ற தோல். அதன் பின்னால், வெளிச்சத்துக்கு ஏற்ப சுமார் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை சுருங்கி விரியும் பாவை. அப்புறம் லென்ஸ், கடைசியில் ஒளியை உணரும் விழித்திரை. ஒளியைக் குவிக்கும் வேலை முழுக்க லென்ஸுடையது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவின் வேலை. கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவது இதனால்தான். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போதுதான் ஒளி நன்றாக வளையும். தண்ணீரிலிருந்து நுழைந்தால் வளைவது மிகக் குறைவு. நீச்சல் கண்ணாடி மாட்டினால் கண்ணுக்கு முன்னால் மறுபடி காற்று, பார்வையும் தெளிந்துவிடும்.

பாவை என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன். எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரியும். அதனால் தமிழில் பாவை. லத்தீன்காரர்களும் அதே பொம்மையைப் பார்த்து அதே பெயரைத்தான் வைத்தார்கள்.

விழித்திரையைத் தாண்டினால் கேமரா உவமை உதவாது. அங்கிருந்து மூளைக்குப் படம் எதுவும் போவதில்லை. எங்கே வெளிச்சம் மாறுகிறது, எங்கே விளிம்பு இருக்கிறது, எது நகர்கிறது என்ற துண்டுத் தகவல்கள் மின் துடிப்புகளாகப் போகின்றன. அவற்றை வைத்து, எதிரே இன்னது இருக்க வேண்டும் என்று மூளை ஊகிக்கிறது. நாம் பார்வை என்று சொல்வது அந்த ஊகத்தைத்தான்.

படம் தலைகீழாக விழுகிறதாமே, யார் அதைத் திருப்புகிறார்கள்?

தலைகீழாகத்தான் விழுகிறது, இடம் வலமும் மாறித்தான். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர் 1604இல் இதை எழுதினார். சில பத்தாண்டுகளுக்குள் எருதுக் கண்ணின் பின்புறத்தைச் சீவி, அதில் விழும் பிம்பத்தை நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

யாரும் அதைத் திருப்புவதில்லை. திருப்பியாக வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், தலைக்குள் ஒரு குட்டி ஆள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நாம் கற்பனை செய்வதுதான். அப்படி ஒருவன் அங்கே இல்லை. விழித்திரையின் அடியில் பட்டது என்றால் பொருள் மேலே இருக்கிறது, கையை மேலே நீட்டு: இந்தக் கணக்கு ஒத்துப்போனால் போதும். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890களில் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு 8 நாள் வாழ்ந்து பார்த்தார். முதலில் எதை எடுக்கப் போனாலும் கை தப்பான பக்கம் போனது. நாள் போகப் போகத் தடுமாறாமல் நடமாடப் பழகிவிட்டார். கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் மறுபடி தடுமாற்றம்.

கண் எத்தனை மெகாபிக்சல்?

576 என்று ஓர் எண் இணையத்தில் சுற்றுகிறது. அதை விட்டுவிடுங்கள். ஒரு விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை: ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து மூளைக்குக் கிளம்பும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். நூறு பேர் பேசியதை ஒருவர் போய்ச் சொல்வது போன்ற ஏற்பாடு. ஆகவே விழித்திரையிலேயே பெரும் சுருக்கம் நடந்துவிடுகிறது. ஒரே மாதிரி இருக்கும் வெள்ளைச் சுவரைப் பற்றி அது அதிகம் பேசாது. சுவரில் பல்லி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உரக்கச் சொல்லும்.

இந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு குழி. அதன் மையத்தில் கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே சுருக்கமும் இல்லை என்றே சொல்லலாம். கையை முழுக்க நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் மிகத் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அந்த நகம் அளவுதான். நம்பிக்கை இல்லையென்றால் இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்திவிட்டு, நாலு சொல் தள்ளி இருப்பதைப் படிக்கப் பாருங்கள்.

ஆனால் எனக்கு அறை முழுவதும் தெளிவாகத்தானே தெரிகிறது?

கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. எதைத் தெளிவாகப் பார்க்க நினைக்கிறீர்களோ, நினைப்பதற்குள் கண் அங்கே போய்விடுகிறது. ஆகவே தெளிவில்லாத இடம் என்று ஒன்று உங்களிடம் பிடிபடுவதே இல்லை.

சரி, இத்தனை தாவலில் உலகம் ஏன் ஆடவில்லை? கையில் செல்போன் கேமராவை இப்படி ஆட்டினால் அந்த வீடியோவைப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். தாவும் நேரத்தில் வரும் கலங்கல் நமக்குத் தெரியாதபடி மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. கண் நகர்வதை எத்தனை முறை முயன்றாலும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். செல்போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அதன் படம் ஒரு கணம் தாமதமாக வருகிறது.

அமுக்கிய இடைவெளியை மூளை காலியாகவும் விடுவதில்லை. தாவி முடிந்த பிறகு கண்ட காட்சியைப் பின்னுக்கு இழுத்து அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தை டக்கென்று திரும்பிப் பார்க்கும்போது, நொடி முள் ஒரு கணம் நின்றுவிட்டது போலத் தோன்றியிருக்கிறதா? கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குருட்டுப் புள்ளி என்பது உண்மையா?

உங்கள் இரு கண்ணிலும் உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகளை இடமும் வலமுமாக ஒட்டுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்கப் பொட்டையே பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் அடி தூரத்தில் வலப்பக்கப் பொட்டு காணாமல் போகும்.

அந்த இடத்தில் பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது, ஒளியை உணரும் செல் ஒன்றுகூட இல்லை. 1660களில் பிரான்சில் எட்மே மாரியட் என்ற அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். ஆக்டோபஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நரம்புகள் விழித்திரையின் பின்பக்கமாகவே கிளம்புகின்றன. நமக்கு முன்பக்கம் கிளம்பி, பிறகு ஓட்டை போட்டு வெளியேறுகின்றன. கட்டுமானத்தில் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொட்டு மறைவதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பது. கறுப்பு ஓட்டையா தெரிகிறது? வெள்ளைத் தாள் தெரிகிறது. வலப்பக்கப் பொட்டுக்குக் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பச் செய்தால், பொட்டு மறைந்து கோடு மட்டும் உடையாமல் ஓடுவது தெரியும். இல்லாத கோடு அது, அந்தத் துண்டை உங்கள் மூளை வரைந்தது.

தியேட்டருக்குள் நுழைந்ததும் ஏன் ஒன்றுமே தெரிவதில்லை?

பகலில் வேலை செய்பவை கூம்பு செல்கள், மங்கிய வெளிச்சத்தில் குச்சி செல்கள். குச்சி செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இருட்டுக்குள் வந்த பிறகு அது மறுபடி சேர வேண்டும், முழுதாகச் சேர அரை மணி நேரம் போல ஆகும். அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். குறைந்தால் மாலைக்கண். கேரட்டும் முருங்கைக்கீரையும் அந்தக் குறையைத் தீர்க்கும், கண்ணாடியைக் கழற்ற வைக்காது. கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்ற பேச்சு இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பரப்பியது. அவர்களுடைய இரவு விமானிகளுக்கு உண்மையில் உதவியது ரேடார்.

குச்சி செல்களுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஃபோவியாவின் நடுவில் அவை அறவே இல்லை. அதனால் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நேராக உற்றுப் பார்த்தால் மங்கும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் எண்ணிக்கை கூடும். இரண்டாவது, சிவப்பு அவற்றுக்கு எட்டாது. பொழுது சாயும் நேரத்தில் செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் பளிச்சென்று இருந்த பூ கறுத்துப்போய், இலைகள் அதைவிட வெளிச்சமாகத் தெரியும்.

கண்ணிலிருந்து செய்தி மூளையில் எங்கே போகிறது?

பிடரிக்கு. பார்வைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கும் பகுதி, தலையின் பின்பக்கத்தில் இருக்கிறது. போகிற வழியில் இரு கண்ணின் நரம்புகளும் சந்தித்துப் பாதி இழைகள் பக்கம் மாறுகின்றன. வலது கண், இடது கண் என்று அங்கே பிரிவதில்லை. இரு கண்ணும் பார்க்கும் இடப்பாதிக் காட்சி வலது மூளைக்கும், வலப்பாதி இடது மூளைக்கும் போகிறது. அப்புறம் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்கு வரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியில் ஒரு பெரும் பங்கு புறணியே மேலிருந்து அனுப்புவது. பார்வை ஊகம் என்று சொன்னேனே, அதன் கம்பிகளை இங்கேயே பார்க்கலாம்.

பிடரியின் எந்தப் பகுதி காட்சியின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்ற வரைபடம் போர்க்களத்திலிருந்து வந்தது. 1904–05 ரஷ்ய ஜப்பானியப் போரில் ரஷ்யர்களின் புதுத் துப்பாக்கிக் குண்டு சிறியது, வேகமானது. மண்டையைச் சிதைக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். பிழைத்த வீரர்களுக்கு ஓய்வூதியம் கணக்கிட, பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்கும் வேலை டட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு வந்தது. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் நேர்கோட்டால் இணைத்தார். அந்தக் கோடு மூளையில் எங்கே போகிறது, அந்த வீரருக்குக் காட்சியில் எந்த இடம் இருண்டிருக்கிறது என்று ஒப்பிட்டார். 1909இல் முடிவை வெளியிட்டார். ஃபோவியாவின் துளி இடத்துக்குப் புறணியில் பெரும் பரப்பு ஒதுக்கப்பட்டிருப்பது அதிலேயே தெரிந்தது. ஓய்வூதியக் கணக்கு இத்தனை நல்ல அறிவியலாக மாறியது வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

இதில் வீட்டுக்குத் தேவையான ஒரு விஷயம். பார்வையில் ஒரு பாதி திடீரென்று போனால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணால் பார்த்தாலும் அதே பக்கம் இருண்டிருந்தால் பழுது கண்ணில் இல்லை, மூளையில். பக்கவாதமாக இருக்கலாம். எந்தக் கண்ணானாலும் திடீர்ப் பார்வை இழப்புக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மூளைக்குள் எங்கோ ஓரிடத்தில் முழுப் படமும் சேருமா?

அப்படி ஓர் இடம் இல்லை. 1950களின் கடைசியில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் பார்வைப் புறணியில் ஒற்றைச் செல்லின் பேச்சைக் கேட்க முயன்றார்கள். கண்ணாடிச் சில்லில் புள்ளி வைத்துப் பல மணி நேரம் காட்டியும் செல் அசையவில்லை. சில்லை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்தது, செல் படபடவென்று பொரிந்தது. அந்தச் செல்லுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோடு. பக்கத்துச் செல்லுக்கு இன்னொரு சாய்வு. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு.

கோடுகளுக்குப் பிறகு நிறம், அசைவு, முகம் என்று வெவ்வேறு பகுதிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பகுதி மட்டும் கெட்டால் இது வெளியே தெரியும். 1983இல் ஜெர்மனியில் ஒரு பெண்ணைப் பற்றிய ஆய்வு வந்தது. அவருக்கு நிறம், உருவம், முகம் எல்லாம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்த பனிபோல நிற்கும், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் நின்ற கார் அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்த நரம்பியல் கதைகளில் இதைப் போல என்னைத் தொந்தரவு செய்தது வேறில்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. பார்வைப் புறணி அழிந்து, தனக்கு எதுவும் தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்லும் சிலர், எதிரே வைத்ததைச் சும்மா குத்துமதிப்பாகக் காட்டச் சொன்னால் சரியாகக் காட்டுகிறார்கள். 2008இல் வெளியான ஒரு நோயாளியின் விவரத்தில், அவர் பெட்டிகள் சிதறிய நடைபாதையில் கைத்தடி இல்லாமல் ஒன்றிலும் இடிக்காமல் நடந்தார். அழிந்த அந்தப் புறணியைத் தொடாத வேறு பாதைகள் வழியாகவும் கண் மூளையோடு பேசுகிறது.

ஒரே நிறம் இரண்டு பேருக்கு வேறு வேறாகத் தெரியுமா?

தெரியும். 2015இல் ஒரு கவுனின் புகைப்படம் இணையத்தில் சண்டை மூட்டியது நினைவிருக்கும். ஒரு சாரார் நீலமும் கறுப்பும் என்றார்கள், மறுசாரார் வெள்ளையும் தங்கமும். உண்மையான கவுன் நீலம், கறுப்பு. கண்ணுக்கு வந்து சேரும் ஒளி என்பது துணியின் நிறமும் விளக்கின் நிறமும் கலந்த சரக்கு. விளக்கின் பங்கை மூளை கழித்துவிட்டு மீதியைத் துணியின் கணக்கில் வைக்கிறது. வெள்ளைச் சட்டை காலையிலும் மாலையிலும் வெள்ளையாகவே தெரிவது இந்தக் கழித்தலால்தான். அந்தப் படத்தில் விளக்கு எப்படிப்பட்டது என்பதற்குத் துப்பு இல்லை, ஆளுக்கொரு விதமாகக் கழித்தார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவருகிறவர்கள் சந்தேகத்துக்கு இடமான விளக்கை மாற்றி, தெரிந்த விளக்கில் கணக்கை மறுபடி போடுகிறார்கள்.

மாயத்தோற்றப் படங்கள் என்றால் மூளை தவறு செய்கிறது என்று அர்த்தமா?

சரியான பழக்கத்தைத் தவறான இடத்தில் காட்டுகிறது என்று அர்த்தம். பணியாரச் சட்டியை ஜன்னல் பக்கம் வைத்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் படத்தின் மேல்பக்கத்திலிருந்து வரும்படி பிடித்தால் குழிகள் குழிகளாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், பல பேருக்குக் குழிகள் மேடாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சூரியன் மேலே இருக்கும் ஊரில் அது நியாயமான எண்ணம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் இந்த நிழல் கணக்கை விரிவாக ஆராய்ந்து காட்டினார். குழி என்று தெரிந்த பிறகும் மேடாகவே தெரிகிறது பாருங்கள். உங்கள் அறிவு சொல்வதை இந்த இலாகா கேட்காது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு உடனே எல்லாம் புரியுமா?

1688இல் வில்லியம் மாலினூ என்ற அயர்லாந்துக்காரர் இதையே கேட்டார். தொட்டுத் தெரிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் பார்வை வந்ததும் பார்த்தே சொல்ல முடியுமா? 300 ஆண்டு கழித்துப் பதில் வந்தது, டெல்லியிலிருந்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கு வழி செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்கிறது. 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்ததைப் பார்த்ததோடு பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்ததோடு பொருத்தச் சொன்னால், அவர்கள் சொன்னதற்கும் குத்துமதிப்பாகச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில நாளில் அதுவும் கைவந்தது.

ஆனால் கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை. பார்வைப் புறணிக்குச் சிறு வயதில் ஒரு பருவம் உண்டு, அப்போது தகவல் வராத கண்ணின் இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொள்ளும். சோம்பேறிக் கண் என்பது இதுதான், கண்ணில் பழுதே இல்லாவிட்டாலும் மூளை அதை ஒதுக்கிவிட்டிருக்கும். நல்ல கண்ணை மறைத்து மறுகண்ணை வேலை வாங்குவது சிகிச்சைகளில் ஒன்று, அதுவும் சிறுவயதில் நன்றாகப் பலிக்கும். குழந்தையின் ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் அழுகிறது, மற்றதை மறைத்தால் சும்மா இருக்கிறது என்றால் உடனே காட்டுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கண் மங்கிய பாட்டி, யாரோ வந்து நிற்பதாகச் சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் சார்ல்ஸ் பொன்னே என்ற அறிஞர் 1760இல் தன் தாத்தாவைப் பற்றி இதையே எழுதினார். கண்புரையால் பார்வை மங்கிய அந்தக் கிழவருக்கு மனிதர்கள், பறவைகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்தன. அவை உண்மையல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து தகவல் வருவது குறைந்ததும், சும்மா இருக்கத் தெரியாத பார்வைப் புறணி தானாகவே காட்சிகளைத் தயாரிக்கிறது. குருட்டுப் புள்ளியில் கோட்டுத் துண்டை வரைந்த அதே கை. மருத்துவரிடம் காட்டுங்கள், வேறு காரணங்களும் இருக்கலாம். மந்திரிக்க அழைத்துப் போக வேண்டாம்.

என் அம்மாவின் பெரியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இப்படி வந்தது. சாயங்காலமானால் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு. சத்தம் போட மாட்டார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். வீட்டில் எல்லாரும் பயந்தார்கள், அவர் பயப்படவில்லை. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "பொய்ப் பிள்ளைங்கடா, நல்லாத்தான் இருக்குதுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.